கந்தக பூமியும் டைனோசர் காலமும்

விருதுநகர் மாவட்டத்தில் டைனோசர் எலும்பு கிடைத்ததாகப் பதிவு எதுவும் இல்லை. இனிமேல் கிடைக்கும் வாய்ப்பும் மிகக் குறைவு. சிவகாசியிலோ சாத்தூரிலோ கிணறு வெட்டினால் கரிசல் முடிந்து, சுக்கான் முடிந்து, கடைசியில் கடப்பாறைக்கு மசியாத கெட்டிப்பாறை தட்டுப்படும். டைனோசர்கள் தோன்றுவதற்கு 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே இறுகிப்போன பாறை அது. ஆனால் அங்கிருந்து வடகிழக்கே சுமார் 230 கிலோமீட்டரில் இருக்கும் அரியலூர் வட்டாரத்தில் டைனோசர் பல்லும் எலும்பும் கிடைத்திருக்கின்றன. ஒரே மாநிலத்துக்குள் இப்படி ஒரு வேறுபாடு ஏன் வந்தது என்பதற்கான விடை, பாறைகளின் வயதிலும் அவை உருவான விதத்திலும் இருக்கிறது.

பாறைகளின் வயதைச் சொல்லும் நிலவியல் கால அட்டவணை முதலில் ஆண்டுக் கணக்கே இல்லாமல்தான் உருவானது. வண்டலாகப் படிந்த அடுக்குகளில் அடியில் இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது என்ற விதியை டென்மார்க்கைச் சேர்ந்த நிக்கோலஸ் ஸ்டெனோ 1669-இல் எழுதி வைத்தார். இங்கிலாந்தில் கால்வாய் வெட்டும் வேலைக்கு நில அளவை செய்த வில்லியம் ஸ்மித், ஒவ்வோர் அடுக்குக்கும் அதற்கே உரிய சிப்பிகளும் நத்தைகளும் உண்டு என்று கண்டு, அந்தப் புதைபடிவங்களை வைத்தே அடுக்குகளை அடையாளம் காட்டும் வரைபடத்தை 1815-இல் வெளியிட்டார். அதன்பின் ஐம்பது ஆண்டுகளுக்குள் காலங்களின் பெயர்கள் பெரும்பாலும் நிலைபெற்றுவிட்டன. பிரான்சுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையிலுள்ள ஜுரா மலையிலிருந்து ஜுராசிக் என்ற பெயர் வந்தது. கிரிட்டேசியஸ் என்னும் பெயரை 1822-இலும், ட்ரையாசிக் என்னும் பெயரை 1834-இலும் ஐரோப்பிய ஆய்வாளர்கள் சூட்டினர். ரிச்சர்டு ஓவன் டைனோசர் என்ற சொல்லை உருவாக்கியது 1842-இல்.

அந்தத் தலைமுறைக்கு எது முந்தியது, எது பிந்தியது என்பது தெரியும்; எத்தனை ஆண்டு முந்தியது என்பது தெரியாது. கதிரியக்கம் கண்டறியப்பட்ட பிறகே அதற்கு வழி பிறந்தது. யுரேனியம் ஒரே சீரான வேகத்தில் சிதைந்து ஈயமாகிறது. ஆகவே ஒரு கனிமத்தில் எவ்வளவு யுரேனியம் மிச்சமிருக்கிறது, எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் அது உருவான காலம் தெரிந்துவிடும். 1907-இல் அமெரிக்கர் பெர்ட்ரம் போல்ட்வுட்டும், 1911-இல் ஆங்கிலேயர் ஆர்தர் ஹோம்ஸும் இந்த வழியில் பாறைகளின் வயதைக் கணக்கிட்டார்கள். விண்கற்களை ஆராய்ந்த கிளேர் பேட்டர்சன், பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று 1956-இல் அறிவித்தார். இன்று ஏற்கப்படும் 454 கோடி அதற்கு மிக நெருக்கமானது. மனித அறிவு எட்டிய எண்களில் இதைவிடப் பெருமைப்படத்தக்கது வேறு எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை.

அந்த 454 கோடி ஆண்டில் முதல் 400 கோடி ஆண்டு முழுவதும் கேம்பிரியனுக்கு முந்தைய காலம் என்ற ஒரே பெயருக்குள் அடங்கிவிடும். அப்போதும் உயிர்கள் இருந்தன. ஆனால் அவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதவை, ஓடோ எலும்போ இல்லாதவை. 53.9 கோடி ஆண்டுகளுக்கு முன் கேம்பிரியன் தொடங்கியபோது ஓடுள்ள கடலுயிர்கள் பெருகின. அப்போது தொடங்கிய தொல்லுயிர் ஊழி 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு பேரழிவில் முடிந்தது. அதையடுத்த இடையுயிர் ஊழிதான் டைனோசர்களுடையது. அதில் மூன்று காலங்கள்: 20.1 கோடி ஆண்டுக்கு முன்புவரை ட்ரையாசிக், சுமார் 14.5 கோடி வரை ஜுராசிக், 6.6 கோடி வரை கிரிட்டேசியஸ். அதற்குப் பின் இன்றுவரை புத்துயிர் ஊழி. டைனோசர்கள் ட்ரையாசிக்கின் நடுவிலோ பிற்பகுதியிலோ, ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தோன்றின. பறவைகளாக மாறிய ஒரு கிளையைத் தவிர மற்றவை கிரிட்டேசியஸ் முடிவில் அழிந்தன.

இந்த அளவுகளை மனத்தில் நிறுத்துவது எளிதல்ல. சிவகாசி அச்சகங்களில் ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவார்கள். அங்கே அச்சாகும் தினசரி காலண்டர் ஒன்றின் 365 தாள்களில் பூமியின் முழு வரலாற்றையும் அடக்கினால், ஒரு தாளைக் கிழிப்பது ஒரு கோடியே 24 லட்சம் ஆண்டைக் கழிப்பதாகும். ஜனவரி முதல் நாள் பூமி பிறக்கிறது. உயிரின் தடயம் மார்ச் மாதக் கடைசிக்குள் வந்துவிடும். ஆனால் ஓடுள்ள உயிர்களுக்கு நவம்பர் 18 வரை காத்திருக்க வேண்டும். விருதுநகர்ப் பாறைகள் கடைசியாக வெந்து இறுகியது அதற்கு முந்தைய நாளான நவம்பர் 17. முதல் டைனோசர் டிசம்பர் 13-ஆம் தாளில் வரும். கடைசி டைனோசர் 26-ஆம் தாளில் மறையும். நம் மனித இனம் டிசம்பர் 31 நள்ளிரவுக்கு முப்பத்தைந்து நிமிடம் இருக்கும்போது தோன்றுகிறது. 1923-இல் சிவகாசியில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியது முதல் இன்றுவரை கழிந்த காலத்துக்கு, அந்தக் காலண்டரில் ஒரு விநாடிகூட ஆகாது.

விருதுநகர் மாவட்டத்தின் அடித்தளப் பாறைகளை நிலவியலாளர்கள் மதுரைத் தொகுதி என்ற பெரிய நிலத்துண்டின் பகுதியாகக் கருதுகிறார்கள். சார்னோகைட் என்னும் கரும்பாறை, கார்னெட் மணிகள் பதிந்த வரிப்பாறை, இளஞ்சிவப்புக் கிரானைட், குவார்ட்சைட், படிக உருவான சுண்ணாம்புக்கல் ஆகியவை இங்கே மாறிமாறி வருகின்றன. கல்குவாரிகளில் ஜல்லிக்காக உடைபடும் பாறைகள் இவைதாம். எரிமலையிலிருந்து பிறந்தவையும் பழங்காலக் கடலடியில் மணலாகவும் களியாகவும் சுண்ணாம்புச் சேறாகவும் படிந்தவையும் இவற்றுள் உண்டு. எல்லாமே பிற்பாடு நிலத்தின் ஆழத்துக்கு அமுக்கப்பட்டு, உருகும் நிலைவரை வெந்து, உருமாறியவை.

எந்த அளவுக்கு வெந்தன என்பதற்கு ராஜபாளையம் பக்கத்துப் பாறைகள் உலக அளவில் பெயர்பெற்ற சான்று. அங்குள்ள சில பாறைகளில் சஃபிரின் என்னும் நீலக் கனிமமும் குவார்ட்ஸும் ஒன்றையொன்று தொட்டபடி இருப்பதை இந்திய, ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டு 2004-இல் வெளியிட்டார்கள். இவ்விரண்டும் சேர்ந்து உருவாக வேண்டுமானால் வெப்பம் 1,000 பாகை செல்சியஸ் அளவில் இருந்தாக வேண்டும். நில மேலோட்டில் பாறை உருகி ஓடாமல் தாங்கும் வெப்பங்களில் இது உச்ச வரம்பை ஒட்டியது. அமுக்கத்தைக் கணக்கிட்டால், அப்போது அந்தப் பாறைகள் 25 முதல் 30 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்திருக்க வேண்டும். அவற்றிலுள்ள சிர்கான், மோனசைட் போன்ற கனிமங்களை யுரேனியம்–ஈய முறையில் அளந்தபோது, அந்தச் சூடு ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று தெரியவந்தது. ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தியா, இலங்கை, அன்டார்க்டிகா ஆகியவற்றின் முன்னோடி நிலங்கள் மோதி, கோண்டுவானா என்ற ஒரே பெருங்கண்டமாக ஒட்டிக்கொண்ட காலம் அதுதான். மடகாஸ்கரின் தென்பகுதியில் இதே வயதுள்ள, இதே போல வெந்த பாறைகள் இருப்பதற்கும் காரணம் அந்த மோதலே.

30 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்த பாறை இன்று ராஜபாளையத்தில் வெயில் காய்கிறது என்றால், அதன் மேலே இருந்த அத்தனையும் போய்விட்டது என்று பொருள். ஒரு மலைத்தொடரே தேய்ந்து மறைந்த மிச்சத்தின் மேல்தான் மாவட்டத்தின் ஊர்கள் இருக்கின்றன. நிலம் உயர உயர அதன் மேற்பரப்பு அரிபட்டு மண்ணாகி வேறெங்கோ சென்றது. எலும்பு புதைபடிவமாக மாற வேண்டுமென்றால் அது சீக்கிரம் மணலிலோ சேற்றிலோ மூடப்பட வேண்டும். மூடிய படிவு பிற்பாடு கலையாமல் நிலைக்கவும் வேண்டும். விருதுநகர் நிலம் கோடானுகோடி ஆண்டுகளாக மண்ணைக் கொடுத்துக்கொண்டே இருந்த நிலம்; சேர்த்து வைத்த நிலம் அல்ல. இம்மாவட்டத்தின் பழைமையைப் பேசும்போது இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும்.

சிமென்ட் ஆலைகள் இந்த வேறுபாட்டைக் கண்கூடாகக் காட்டுகின்றன. ராஜபாளையத்தைச் சேர்ந்த பி.ஏ.சி. ராமசாமி ராஜா நிறுவிய மெட்ராஸ் சிமென்ட்ஸ், 1962-இல் விருதுநகர் அருகே, இன்று ஆர்.ஆர். நகர் எனப்படும் இடத்தில் ஆலையைத் தொடங்கியது. பந்தல்குடிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் அதற்கு மூலப்பொருள். ஆலங்குளத்தில் அரசு சிமென்ட் ஆலை 1970-இல் உற்பத்தியைத் தொடங்கியது. இங்கே வெட்டப்படும் கல், ஒரு காலத்தில் கடலடியில் படிந்த சுண்ணாம்புச் சேறுதான். ஆனால் வெந்து படிகமாகி, பளிங்குபோல் ஆகிவிட்டது. அதில் சிப்பி தேடுவது வீண். அதே அரசு நிறுவனம் 1979-இல் அரியலூரில் திறந்த ஆலைக்குக் கல் தரும் கல்லங்குறிச்சிச் சுரங்கத்தில் நிலைமை நேரெதிர். அங்கே சுண்ணாம்புக்கல்லே கிரிட்டேசியஸ் காலச் சிப்பிகளின் குவியல். முழு ஓடுகளைக் கையால் பொறுக்கி எடுக்கலாம். இரண்டு கல்லும் அரைபட்டுச் சிமென்ட் மூட்டைக்குள் போகின்றன. இரண்டுக்கும் இடையிலான வயது வேறுபாடு, டைனோசர்கள் வாழ்ந்த மொத்தக் காலத்தைவிட நீளமானது.

டைனோசர்கள் தோன்றிய ட்ரையாசிக் காலத்தில் உலகின் கண்டங்கள் எல்லாம் பாஞ்சியா என்ற ஒரே நிலமாக ஒட்டியிருந்தன. இன்றைய சிவகாசி அதன் தென்பகுதியில், கடலுக்கு வெகு தொலைவில் இருந்தது. மேற்கே ஆப்பிரிக்காவும் மடகாஸ்கரும் நிலத்தொடர்ச்சியாகக் கிடந்தன. தமிழகத்தில் ட்ரையாசிக், ஜுராசிக் கால டைனோசர் எச்சம் எதுவும் அறியப்படவில்லை. இந்தியாவில் அக்காலத்துக்கு முக்கியச் சான்று கோதாவரிப் படுகை. தெலங்கானாவின் மலேரி அடுக்கில் கிடைத்த அல்வாக்கேரியா, நாட்டின் மிகப் பழைய டைனோசர்களுள் ஒன்று. அதே படுகையின் கோட்டா அடுக்கில், ஜுராசிக்கின் தொடக்கத்தைச் சேர்ந்த நீள்கழுத்துத் தாவர உண்ணி ஒன்றின் எலும்புகள் ஏராளமாகக் கிடைத்தன. பராபாசாரஸ் தாகோரி என்று தாகூரின் பெயரோடு 1975-இல் அறிவிக்கப்பட்ட அந்த விலங்கின் எலும்புக்கூடு கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் நிற்கிறது. கோதாவரிக்கும் விருதுநகர் மாவட்டத்தின் வைப்பாற்றுக்கும் நடுவே அப்போது கடல் இல்லை. அத்தகைய விலங்குகள் தெற்கே வந்ததற்குத் தடை எதுவும் தெரியவில்லை. வந்ததற்கான தடம்தான் நிற்கவில்லை.

ஜுராசிக்கின் கடைசியிலும் கிரிட்டேசியஸின் தொடக்கத்திலும் கோண்டுவானா உடைந்தது. இந்தியாவின் கிழக்கு ஓரம் அன்டார்க்டிகாவிலிருந்து விலகத் தொடங்கியபோது நிலம் இழுபட்டு, நீளவாக்கில் பள்ளங்கள் விழுந்தன. புதுச்சேரியிலிருந்து மன்னார் வளைகுடாவரை நீளும் காவிரிப் படுகை அப்படிப் பிறந்தது. விருதுநகருக்குப் பக்கத்திலேயே, சிவகங்கை வட்டாரத்தில், அந்தப் பள்ளத்தின் மேற்கு விளிம்பில் படிந்த கூழாங்கல்லும் மணற்கல்லும் களியும் இன்றும் வெளியே தெரிகின்றன. கிரிட்டேசியஸின் முற்பகுதியைச் சேர்ந்த இலைப் பதிவுகள் அவற்றில் உண்டு. சிவகாசியிலிருந்து கிளம்பும் ஒருவர் டைனோசர் காலத்து மண்ணை மிக விரைவில் மிதிக்கக்கூடிய இடம் அதுவே.

அதற்குக் கிழக்கே அதே அடுக்குகள் ஆழத்துக்குள் இறங்கிவிடுகின்றன. 1985 மார்ச் 15 வரை விருதுநகரும் ராமநாதபுரமும் ஒரே மாவட்டமாக இருந்தன. நிலத்துக்கு அடியில் அவை அதற்கு வெகு முன்பே பிரிந்தவை: மேற்கே பழம்பாறை, கிழக்கே ஆழ்ந்த வண்டல். எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகம் ராமநாதபுரம் பகுதியில் துளையிட்டு, கிரிட்டேசியஸ் மணற்கல்லுக்குள் அடைபட்ட எரிவாயுவை எடுக்கிறது. வழுதூர் மின்நிலையம் அப்பகுதி எரிவாயுவில்தான் ஓடுகிறது. மேற்குப் பழம்பாறைகளிலிருந்து அரித்துச் செல்லப்பட்ட மணல் சேர்ந்திருக்கக்கூடிய இடமும் இந்தப் பள்ளமே. விருதுநகர் நிலத்தின் டைனோசர் கால வரலாறு எங்காவது எழுதப்பட்டிருக்குமானால், அது ராமநாதபுரத்தின் அடியில்தான் இருக்க வேண்டும்.

கிரிட்டேசியஸின் நடுவில் மேற்கிலும் ஒரு பிளவு நேர்ந்தது. சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் இந்தியாவிலிருந்து கழன்றது. உடுப்பிக் கடலோரத்தில் செயின்ட் மேரிஸ் தீவுகளில் தூண்தூணாக நிற்கும் எரிமலைப் பாறைகள் அந்தப் பிரிவின்போது வெளிவந்தவை. உடைந்த ஓரம் உயர்ந்து நின்றது. அரிப்பு அதை உள்நோக்கிச் செதுக்கியது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் மேற்கே சுவர்போல் எழும் மேற்குத் தொடர்ச்சி மலையின் தொடக்கத்தைப் பல ஆய்வாளர்கள் அந்தப் பிளவோடு இணைக்கிறார்கள். இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் வாழ்க்கைக்கும் டைனோசர் காலத்துக்கும் உள்ள உண்மையான தொடர்பு இந்த மலைதான். தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையை மலையின் கேரளப் பக்கம் வாங்கிக்கொள்கிறது. கிழக்குப் பக்கம் மழை மறைவு நிலமாகிறது. வெடிமருந்துக் கலவை ஈரம் தாங்காது. தீக்குச்சி ஈரத்தில் நமத்துவிடும். தாள் குழாய்கள் வெயிலில் காய வேண்டும். விவசாயம் பொய்த்த வறட்சியே தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சுக்கும் ஏற்ற சூழலானது. மாவட்டத்தைக் கந்தக பூமி என்று சொல்வது வழக்கம். பட்டாசுக்கான கந்தகம் இந்த மண்ணில் விளைவதில்லை. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்தும் இறக்குமதியாகவும் வருகிறது. இந்த நிலம் தருவது வெயிலையும் வறண்ட காற்றையும்தான். அவற்றுக்கு வழிசெய்த பிளவு நேர்ந்தபோது டைனோசர்கள் உயிரோடு இருந்தன.

அந்த நாட்களில் அரியலூர், பெரம்பலூர் பகுதிகளைக் கடல் மூடியிருந்தது. ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் உள்ளே வந்த கடல், பலமுறை முன்னேறியும் பின்வாங்கியும் கிரிட்டேசியஸ் முடிவுவரை இருந்தது. பெரம்பலூர் மாவட்டம் காரையில் செடிகொடி இல்லாமல் மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் செங்காவி நிலத்தில், சுருள் ஓடுள்ள அம்மோனைட்டுகளும் துப்பாக்கித் தோட்டா வடிவில் பெலம்னைட்டுகளும் சிதறிக் கிடக்கின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் படுத்திருக்கிறது. கடலுக்கு அடித்து வரப்பட்டு மண்ணில் புதைந்து கல்லான அந்த மரத்தை, பின்னாளில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் இந்தியத் தலைவரான எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் கண்டறிந்தார்.

இப்பகுதியின் புதைபடிவங்கள் 1840-களிலேயே லண்டன் போய்ச் சேர்ந்துவிட்டன. சென்னை மாகாண அதிகாரிகளான கே, கன்லிஃப் ஆகியோர் திரட்டி அனுப்பிய சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் எட்வர்டு ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து, அவை கிரிட்டேசியஸ் காலத்தவை என்றார். 1851-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தொடங்கியபின், ஹென்றி பிளான்ஃபோர்ட் 1857 முதல் இந்த நிலத்தை நடந்து அளந்து, 1862-இல் அறிக்கை வெளியிட்டார். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அவர் பிரித்த மூன்று தொகுதிகள் இன்றும் அதே பெயரில் வழங்குகின்றன. ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் நிலைத்த அந்தப் பிரிப்பு, ஒரு மனிதர் கண்ணாலும் காலாலும் செய்த வேலைக்குக் கிடைத்த பெரும் மதிப்பு. அவர் காலத்து மாதிரிகளைப் பிரித்து விவரிக்கும் பணியை ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா ஏற்று, தென்னிந்தியாவின் கிரிட்டேசியஸ் உயிரினங்கள் பற்றிய பெருந்தொகுதிகளை 1873-க்குள் முடித்தார். அடுத்த ஆண்டே லடாக் பனியில் அவர் உயிர் பிரிந்தது.

கடல் படிவில் டைனோசர் எலும்பு கிடைப்பது அபூர்வம். ஆறு அடித்து வந்தால்தான் உண்டு. அரியலூர்த் தொகுதியில் கிடைத்த ஊனுண்ணிப் பல் ஒன்றை 19-ஆம் நூற்றாண்டிலேயே மெகலோசாரஸ் என்று குறித்திருந்தார்கள். சார்லஸ் மேட்லி, திருச்சிராப்பள்ளி மாவட்ட டைனோசர்கள் பற்றித் தனிக் கட்டுரையை 1929-இல் வெளியிட்டார். கடல் பின்வாங்கிய கடைசிக் கட்டத்தில் ஆறுகள் படியவைத்த கள்ளமேடு மணற்கல்லே இவற்றுக்கு முக்கியமான இடம் என்பது தெளிவானது.

1979-இல் நிலவியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும், முதுகில் தகடுகள் நிமிர்ந்து நிற்கும் ஸ்டெகோசார் வகை விலங்கு ஒன்றை அறிவித்து, திராவிட நிலத்தையும் பிளான்ஃபோர்டையும் நினைவூட்டும் விதமாக டிராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி என்று பெயரிட்டார்கள். எலும்புகள் திருச்சிராப்பள்ளித் தொகுதியின் கடல் படிவில் கிடைத்தவை. அந்த வகை உலகின் பிற பகுதிகளில் கிரிட்டேசியஸின் முற்பகுதியோடு மறைந்துவிட்டதால் இந்தச் செய்தி பரபரப்பை உண்டாக்கியது. பிற்பாடு அவ்விடத்தை ஆராய்ந்த சங்கர் சட்டர்ஜி, அவை டைனோசருடையவை அல்ல, பிளிசியோசார் என்னும் கடல் ஊர்வனவற்றுடையவை என்றார். பெயர் பாடப் புத்தகங்களில் புகழோடு இருக்கிறது. விலங்கின் இனம் இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

இன்னும் பெரிய கதை புருஹத்காயோசாரஸ் மேட்லியி என்னும் டைனோசருடையது. கள்ளமேட்டருகே கிடைத்த இடுப்பு, தொடை, கீழ்க்கால் எலும்புகளை வைத்து யாதகிரியும் அய்யாசாமியும் 1980-களின் பிற்பகுதியில் அதை அறிவித்தார்கள். முதலில் அது ஊனுண்ணி என்று எண்ணப்பட்டது. பிறகு நீள்கழுத்துத் தாவர உண்ணியாகவே இருக்க முடியும் என்ற கருத்து வலுத்தது. கீழ்க்கால் எலும்பின் நீளம் 2 மீட்டர். அர்ஜென்டினாவின் பேருருவ டைனோசரான அர்ஜென்டினோசாரஸுக்குக்கூட அவ்விடத்து எலும்பு 1.55 மீட்டர்தான். 2023-இல் வந்த ஒரு மதிப்பீடு இதன் எடையை 110 முதல் 170 டன் வரை வைக்கிறது. அது சரியென்றால் நிலத்தில் நடந்த விலங்குகளில் இதற்கு இணை இல்லை. ஆனால் எலும்புகள் இப்போது இல்லை. களிமண்ணும் ஈரமும் ஏறி நொறுங்கும் நிலையிலிருந்த அவை, எடுத்தபோதும் அதன்பின்னும் சிதைந்து மண்ணாகிவிட்டன என்று 2017-இல் தெரியவந்தது. மிஞ்சியவை கோட்டோவியங்களும் பழைய ஒளிப்படங்களுமே. அந்த ஒளிப்படங்கள் 2022-இல் வெளியாகின. உலகின் மாபெரும் விலங்கு என்று சொல்லத்தக்க ஒன்றின் எலும்பைத் தமிழ்நாடு கையில் வாங்கியும் காக்க முடியாமல் போனது ஆற்ற முடியாத இழப்பு.

கள்ளமேடு பெரிய எலும்புகளோடு நின்றுவிடவில்லை. அங்குள்ள மணலைச் சலித்து எடுத்த ஒரே ஒரு சிறு பல்லை வைத்து, 2013-இல் இந்திய, பிரிட்டிஷ், அமெரிக்க ஆய்வாளர்கள் ட்ரூடோன்டிட் வகை டைனோசரை அடையாளம் கண்டார்கள். பறவைகளுக்கு நெருங்கிய உறவான அந்த வகை, அதுவரை வடகண்டங்களுக்கே உரியது என்று கருதப்பட்டது. அதே இடத்தில் கிடைத்த முதலைப் பற்கள், மடகாஸ்கரில் வாழ்ந்த தாவர உண்ணி முதலையான சிமோசூக்கஸுடையவற்றை ஒத்திருக்கின்றன. ராஜபாளையத்துப் பாறை சொன்ன மடகாஸ்கர் உறவை, 48 கோடி ஆண்டு கழித்து அரியலூர்ப் பல்லும் சொல்கிறது.

இவ்வட்டாரத்தில் டைனோசர் முட்டை கிடைத்ததாக அவ்வப்போது செய்தி பரவும். 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளம் தூர்வாரியபோது உருண்டைக் கற்கள் வெளிப்பட, முட்டை என்று ஊரே கூடியது. வந்து பார்த்த நிலவியலாளர்கள், அவை அம்மோனைட்டுகளைச் சுற்றி வண்டல் இறுகிய கல் உருண்டைகள் என்று விளக்கினார்கள். உண்மையான டைனோசர் முட்டைகள் இந்தியாவில் குஜராத்திலும் நர்மதைப் பள்ளத்தாக்கிலும் ஏராளமாக உண்டு.

கிரிட்டேசியஸ் முடிந்த விதத்தை 1980-இல் லூயிஸ், வால்டர் ஆல்வாரெஸ் குழு விளக்கியது. அக்கால எல்லைக் களிமண்ணில் இரிடியம் என்ற அரிய உலோகம் மிகுந்திருப்பதைக் கண்டு, பெரும் விண்கல் மோதியதே பேரழிவுக்குக் காரணம் என்றார்கள். மெக்சிகோவின் சிக்சுலுப்பில் சுமார் 180 கிலோமீட்டர் அகலமுள்ள பள்ளம் அதற்குச் சான்றானது. அதே காலத்தில் இந்தியாவின் மேற்கிலும் நடுவிலும் தக்காண எரிமலைக் குழம்பு பொங்கி வழிந்துகொண்டிருந்தது. இன்றும் அது சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டரை மூடியிருக்கிறது. ராஜமுந்திரிவரை ஓடிய அந்தக் குழம்பு தமிழகத்துக்கு வரவில்லை. அரியலூருக்குக் கிழக்கே நின்னியூர் சுண்ணாம்புக்கல்லில் அழிவுக்கு அடுத்த காலம் பதிவாகியிருக்கிறது. அதில் அம்மோனைட் இல்லை, டைனோசரும் இல்லை.

விருதுநகரில் அதன்பின் கணக்கெடுக்கக் கூடியவை மேற்பரப்பு மண்ணும் ஆற்று வண்டலும்தான். கரிசல் மண் தக்காண எரிமலைப் பாறையிலிருந்து வருவது என்று பள்ளியில் படிப்பதால், சாத்தூர், அருப்புக்கோட்டைக் கரிசலுக்கும் அதுவே மூலம் என்று பலர் நினைக்கிறார்கள். இங்குள்ள கரிசல், அடியிலிருக்கும் பழம்பாறை வறண்ட தட்பவெப்பத்தில், சுண்ணாம்பும் களியும் வடிந்து போகாமல் தங்கியதால் உருவானது. கோடையில் அது பாளம் பாளமாக வெடிப்பதற்கு அந்தக் களியும், அடியில் சுக்கான்கல் திரள்வதற்கு அந்தச் சுண்ணாம்பும் காரணம். பாறை 55 கோடி ஆண்டு பழையதானாலும் அதன் மேல் போர்த்தியிருக்கும் மண் நிலவியல் கணக்கில் மிக இளையது.

வைப்பாற்றின் கரையில், வெம்பக்கோட்டையை அடுத்த விஜயகரிசல்குளத்தில், மாநிலத் தொல்லியல் துறை 2022 மார்ச்சில் தொடங்கிய அகழாய்வில் சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் சூதுபவள மணிகளும் கிடைத்தன. சூதுபவளம் தக்காண எரிமலைக் குழம்பு ஆறியபோது அதன் குமிழிகளுக்குள் படிந்த சிலிக்காவிலிருந்து உருவாகும் கல். பழங்காலத்தில் அதற்குப் பேர்போன இடம் குஜராத். கடைசி டைனோசர்களின் காலத்தில் தமிழகத்தை எட்டாத அந்தக் குழம்பின் ஒரு துளி, வணிகர் கைமாறி, வைப்பாற்றங்கரையில் கழுத்தணி மணியானது.